விருந்தாளியா, அயலவனா? ஜப்பானில் வாழ்ந்த பிறநாட்டார் எழுத்துகளில் நட்பு

ஜப்பானைப் பற்றிப் பிறநாட்டார் எழுதிய புத்தகங்களை அடுக்கினால் ஒரு நூலகத்தின் பாதிச் சுவர் நிரம்பும். செரிப்பூ, தேநீர்ச் சடங்கு, செக்கன் பிந்தாத புகையிரதம், குப்பை இல்லாத தெரு. இவை எல்லாப் புத்தகத்திலும் வரும். வாசித்து வாசித்து நமக்கே மனப்பாடமாகிவிட்டது. அவற்றை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தப் புத்தகங்களில் நட்பு எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று மட்டும் இங்கே பார்க்க விரும்புகிறேன்.

ஒரு நாட்டில் பத்து வருஷம், இருபது வருஷம் வாழ்ந்த மனிதருக்கு அங்கே கூட்டாளி யார்? அந்தக் கூட்டாளியோடு எந்தப் பாஷையில் கதைத்தார்? எப்போதாவது சண்டை பிடித்தாரா? கூட்டாளியின் வீட்டில் ஒரு மையித்து விழுந்தால் இவர் எங்கே நின்றார்? பயண நூலை எடைபோட இந்தக் கேள்விகள் போதும் என்பது என் எண்ணம்.

விருந்தாளி வேறு, அயலவர் வேறு. விருந்தாளிக்கு நல்ல பீங்கானில் சோறு வைப்போம். அவர் போகும்வரை பிள்ளைகளைச் சத்தம் போடவேண்டாம் என்போம். அயலவரோடு வேலிக்குச் சண்டை பிடிப்போம். சண்டை பிடித்த மறுநாள் கறிவேப்பிலை கேட்டு அவர் வாசலுக்கே போவோம். ஜப்பானியருக்கும் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வீடு மாறி வருபவர் எதிரே உள்ள மூன்று வீட்டுக்கும் இருபுறமும் உள்ள இரண்டு வீட்டுக்கும் சிறிய அன்பளிப்போடு போய்த் தலைகுனிந்து அறிமுகம் சொல்வது அங்கே பழைய வழக்கம். "எதிரே மூன்று, இருபுறம் இரண்டு" என்பது அவர்கள் பேச்சில் அயல் என்பதற்கே ஒரு சொல். 'கைரன்பான்' என்று ஓர் அறிவித்தல் மட்டை வீடு வீடாகச் சுற்றும். வாசித்தவர் முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். அந்த மட்டை உங்கள் வாசலுக்கு வருகிறதென்றால் நீங்கள் அயலவர். வராமல் அடுத்த வீட்டுக்குத் தாண்டிப் போகிறதென்றால் நீங்கள் இன்னும் விருந்தாளிதான்.

2024 முடிவில் ஜப்பானில் வதிந்த வெளிநாட்டார் தொகை 37 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அதில் இலங்கையர் மாத்திரம் 60,000 பேருக்கு மேல். நமது பாடசாலைகளில் ஏ.எல். எழுதிவிட்டு ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போகிற பிள்ளைகள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். ஆகவே இது தூரத்து விஷயம் அல்ல.

ஹேர்ன்: ஒரு வாத்தியாரின் குறிப்பேடு

லஃப்காடியோ ஹேர்ன் 1850இல் கிரேக்கத் தீவொன்றில் பிறந்தவர். தாய் கிரேக்கர், தகப்பன் ஐரிஷ்காரர். டப்லினில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராகக் காய்ந்து, 1890இல் ஜப்பானுக்கு வந்தார். மட்சுயே என்ற சிறிய நகரத்தில் மாதம் 100 யென் சம்பளத்துக்கு ஆங்கிலம் படிப்பிக்கச் சேர்ந்தார். அங்கே இருந்தது ஏறத்தாழ 15 மாதம்தான். ஆனால் 1894இல் வெளிவந்த அவரது முதல் ஜப்பான் நூலின் உயிர் அந்த ஊரில்தான் இருக்கிறது.

அந்த நூலில் 'ஓர் ஆங்கில ஆசிரியரின் நாட்குறிப்பிலிருந்து' என்ற பகுதியைப் படிப்பிக்கிற தொழிலில் இருப்பவர் யாரும் விட்டுவிடக்கூடாது. பையன்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளை அவர் அப்படியே தருகிறார். பிழை பார்த்துச் சிரிக்கவில்லை, அந்தப் பிழைக்குள் இருக்கிற சிந்தனையைப் பார்க்கிறார். கெட்டிக்கார மாணவர்கள் இருவர் நோயில் சாகிறார்கள். அதில் ஒருவன், யொகோகி, படுக்கையில் கிடந்து தன் பாடசாலையை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறான். வீட்டு வேலைக்காரக் கிழவர் அவனை இரவில் முதுகில் சுமந்துபோய்க் கட்டடத்தைக் காட்டிவிட்டு வருகிறார். இதை ஹேர்ன் அதிகம் அலங்காரம் இல்லாமல் சொல்கிறார். சும்மா சொல்லக்கூடாது, அந்த இரண்டு பக்கத்துக்காகவே புத்தகத்தை வைத்திருக்கலாம்.

அவருக்கு ஒரு மெய்யான கூட்டாளியும் கிடைத்தார்: அதே பாடசாலையின் ஆசிரியர் நிஷிதா சென்தாரோ. முதல் நாள் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போனதிலிருந்து பாஷை பெயர்த்தது வரை எல்லாம் அவர்தான். 1895இல் வந்த தன் இரண்டாவது ஜப்பான் நூலை ஹேர்ன் அவருக்கே சமர்ப்பித்தார். நிஷிதா 1897இல் இளவயதிலேயே இறந்துபோனார்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஹேர்ன் மட்சுயேயை நேசித்த அளவுக்கு அடுத்துப் போன குமமொட்டோவை நேசிக்கவில்லை, டோக்கியோவை வெறுத்தார். பழைய ஜப்பானை, மறைந்துபோகிற ஜப்பானை, அவர் தேடிக்கொண்டே இருந்தார். தந்திக்கம்பமும் ஃப்ரொக் கோட்டும் போட்ட ஜப்பானியர் அவருக்கு ஏமாற்றமாக இருந்தார்கள். கூட்டாளி மாறக்கூடாது, நான் முதலில் பார்த்த மாதிரியே இருக்கவேண்டும் என்பது ஒருவகை நேசம்தான். ஆனால் அது விருந்தாளியின் நேசம். அயலவனுக்கு அந்தச் சலுகை இல்லை. அவன் கண்முன்னாலேயே பக்கத்து வீடு மாடி வீடாகிவிடும்; அவன் அதோடுதான் வாழவேண்டும்.

ஹேர்னை விருந்தாளி என்ற இடத்திலிருந்து இறக்கியவர் அவரது மனைவி செட்சு. மனைவி பிள்ளைகளுக்குச் சொத்துரிமை கிடைக்கவேண்டும் என்பதற்காக ஹேர்ன் 1896இல் ஜப்பானியப் பிரஜையாகி, மனைவியின் குடும்பப் பெயரை ஏற்று, கொய்சுமி யாகுமோ ஆனார். அவர் 1904இல் மரணித்துப் பத்து வருஷத்துக்குப் பிறகு செட்சு சொன்ன நினைவுக்குறிப்புகள் அச்சில் வந்தன. பிறநாட்டார் எழுதிய ஜப்பான் நூல்களை வாசிக்கிற யாரும் அதையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும். ஏனென்றால் அங்கே நாம் ஹேர்னின் ஜப்பானிய மொழியைக் கேட்கிறோம். வினைச்சொல் வளையாது, இடைச்சொல் இருக்காது; குழந்தை மொழி. அந்த வீட்டில் அதற்கு 'ஹேர்ன் பாஷை' என்றே பெயர். இரவில் விளக்கைக் குறைத்துவிட்டு செட்சு பேய்க்கதை சொல்வார். புத்தகத்தைப் பார்த்து வாசிக்க ஹேர்ன் விடமாட்டார். உன் சொல்லில் சொல், உன் நினைப்பில் சொல் என்பார். 'குவைதான்' என்ற புகழ்பெற்ற நூல் அப்படிப் பிறந்தது. அட்டையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்த நூலைச் செய்தவர்கள் இரண்டு பேர். செட்சுவின் வாழ்க்கையை அடியொற்றி 2025இல் ஜப்பானின் தேசிய ஒளிபரப்பு நிறுவனம் காலை நாடகத்தொடர் எடுத்தது. நூறு வருஷத்துக்கு மேல் பிந்தியாவது நியாயம் கிடைத்தது என்று சொல்லலாம்.

கேட்காத காதும் வெளித்திண்ணையும்

அலன் பூத் என்ற இங்கிலாந்துக்காரர் 'நோ' நாடகம் படிக்க 1970இல் டோக்கியோ வந்தவர். 1977 கோடையில் ஜப்பானின் வடமுனையான சோயாவிலிருந்து தென்முனையான சாத்தா வரை நடந்தார். 128 நாள். பஸ் ஏறவில்லை, யார் வாகனத்தில் ஏற்றினாலும் மறுத்துவிட்டார். அந்த நடையைப் பற்றிய நூல் 1985இல் வந்தது.

பூத்துக்கு ஜப்பானிய மொழி நன்றாகத் தெரியும். கிராமத்துப் பேச்சும் பாட்டும் தெரியும். அப்படியிருந்தும் சத்திரத்துக்காரி அவரைக் கண்டதும் கட்டில் இல்லை, பச்சை மீன்தான் இருக்கு, பாஷைப் பிரச்சினை வரும் என்று தயங்குகிறார். இவ்வளவு நேரமும் உங்களோடு உங்கள் பாஷையில்தானே கதைத்துக்கொண்டிருக்கிறேன் என்று இவர் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசிக்கும்போது சிரிப்பு வரும். சிரித்து முடிந்த பிறகு கொஞ்சம் யோசித்தால், முகத்தைப் பார்த்தவுடன் காது அடைத்துப்போகிற நோய் ஜப்பானியருக்கு மட்டும் உரியதல்ல என்று விளங்கும். தொப்பியைப் பார்த்ததும், முந்தானையைப் பார்த்ததும், "நீங்க நல்லாத் தமிழ் கதைக்கிறீங்களே" என்று பாராட்டு வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! தாய்மொழியைப் பேசியதற்குப் பாராட்டு. ஜப்பானில் இரண்டு சொல் பேசிய எந்த வெளிநாட்டாருக்கும் "உங்கள் ஜப்பானியம் பிரமாதம்" என்ற பாராட்டு கிடைக்கும். அது மரியாதைதான். ஆனால் முப்பது வருஷம் கழித்தும் அதே பாராட்டு வந்தால், நீ இன்னும் வாசலில்தான் நிற்கிறாய் என்று அதற்குப் பொருள்.

பூத்தின் பலம், அவர் அந்த வாசலில் நின்று கோபப்படவும் செய்கிறார், குடித்துக் கூத்தாடவும் செய்கிறார், மன்னிக்கவும் செய்கிறார் என்பது. ஜப்பானியரைப் புனிதராக்கவில்லை. அவர்களும் அவருக்கு மனுஷர். எரிச்சல் வருகிற அளவுக்கு மனுஷர்.

அமெரிக்கரான டொனால்ட் ரிச்சி வேறு வகை. 1947இல் ஆக்கிரமிப்புப் படையோடு வந்தவர், 2013இல் டோக்கியோவிலேயே இறந்தார். ஜப்பானியத் திரைப்படத்தை மேற்குக்கு அறிமுகம் செய்ததில் அவருக்குப் பெரிய இடம் உண்டு. 1971இல் வந்த 'உள்நாட்டுக் கடல்' என்ற அவரது பயண நூல் தமிழில் வரவேண்டிய ஒன்று. உள்ளே எடுக்கப்படாததில் அவருக்கு வருத்தம் இல்லை. வெளியே இருப்பவனுக்கு ஒரு சுதந்திரம் உண்டு, ஊர்க் கடமைகள் அவனைப் பிடிக்காது, அவன் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்பது அவர் நிலை. அழகாகத்தான் சொல்லுகிறார். ஆனால் வெளித்திண்ணை எல்லாருக்கும் ஒரே திண்ணை அல்ல. வெள்ளை அமெரிக்கருக்குக் காற்று வாங்குகிற திண்ணையாக இருப்பது, தொழிற்சாலைக்குப் பயிற்சித் தொழிலாளராக வந்த வியட்நாம் பையனுக்கு வெயில் அடிக்கிற திண்ணை. ரிச்சியின் நூலில் இந்த வித்தியாசம் பெரிதாக வருவதில்லை.

பிகோ ஐயரின் மேசைப்பந்து

பிகோ ஐயர் இந்தியப் பெற்றோருக்கு 1957இல் ஒக்ஸ்ஃபர்டில் பிறந்தவர். 1987இல் கியோட்டோவுக்குப் பௌத்த மடத்தில் தங்கும் எண்ணத்தோடு போனார். மடத்தில் ஒரு வாரம்தான் நின்றார். பிறகு அந்த ஊரில் இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு பெண்ணோடு ஏற்பட்ட நெருக்கத்தை 'சீமாட்டியும் துறவியும்' (1991) என்ற நூலாக எழுதினார். 28 வருஷம் கழித்து 'இலையுதிர் ஒளி' (2019) வந்தது. அப்போது அவர் நாராவுக்கு அண்மையில் ஒரு சாதாரணக் குடியிருப்பில் அதே பெண்ணின் கணவராக வாழ்கிறார்.

இந்த இரண்டு நூலையும் அடுத்தடுத்து வாசித்தால் ஓர் எழுத்தாளர் விருந்தாளியிலிருந்து அயலவராக முயல்வதைக் காணலாம். முதல் நூலில் எனக்கு ஒரு குறை உண்டு. அந்தப் பெண்ணின் உடைந்த ஆங்கிலம் பக்கம் பக்கமாக அப்படியே பதிவாகியிருக்கிறது. முதலில் இனிமையாக இருக்கும். போகப்போக முப்பது வயதுத் தாய் ஒரு சிறுமிபோல் ஆகிவிடுகிறார். தன் ஜப்பானியம் சின்னப்பிள்ளையின் ஜப்பானியம் என்று ஐயர் ஒப்புக்கொள்கிறார், சரி. ஆனால் அது எப்படி ஒலித்தது என்று வாசகருக்குக் கேட்கவே இல்லை. பேனா யார் கையில் இருக்கிறதோ அவருடைய கொச்சை மறைந்துவிடும், மற்றவருடைய கொச்சை அச்சேறிவிடும். செட்சுவின் நினைவுக்குறிப்பு எவ்வளவு அரிய பொருள் என்பது இங்கேதான் விளங்கும். அங்கே பேனா மறுபக்கம் போயிருந்தது. நமக்கும் இது புதிதல்ல. தமிழ்க் கதையில், நாடகத்தில், ஒரு முஸ்லிம் பாத்திரம் வந்தால் உடனே கொச்சை பேசத் தொடங்கும். பேசட்டும், அது நமது பேச்சுத்தான். ஆனால் அந்தக் கொச்சையில் ஒரு முழுமனிதனின் துக்கத்தைச் சொல்ல நாமே எழுத வரவேண்டியிருந்தது.

'இலையுதிர் ஒளி' நல்ல நூல். மாமனாரின் மரணம், முதுமை மறதியில் மாமியார், குடும்பத்தோடு பேச்சை முறித்துக்கொண்ட மைத்துனர் என்று ஒரு வீட்டின் சாமான்ய துக்கங்கள் அதில் இருக்கின்றன. அதைவிட எனக்குப் பிடித்தது அயலில் உள்ள மேசைப்பந்துக் கழகம். ஓய்வுபெற்ற கிழவர்களும் கிழவிகளும் அங்கே விளையாடுகிறார்கள். சோடி அடிக்கடி மாறும். இப்போது எதிர்ப்பக்கம் நின்றவர் அடுத்த ஆட்டத்தில் உங்கள் பக்கம். மூன்று ஆட்டம் வைத்தால் யாராவது ஒருவர் தோற்பார் என்பதால் இரண்டு ஆட்டம்தான். பெரும்பாலும் சமன். வெல்வதைவிட எல்லாரும் நல்ல மனத்தோடு வீடு போவது முக்கியம். ஐயர் இங்கே தத்துவம் பேசுவதைக் குறைத்து ஆட்களைக் காட்டுகிறார். கம்பெனி வாழ்க்கையை முடித்துவிட்டு வந்த மனிதர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒரு பகிடி விடுகிறார். பாஷை குறைவாகவும் பந்து நிறையவும் இருக்கிற நட்பு அது. அப்படியும் நட்பு உண்டுதான். மைதானத்தில் கிடைத்த கூட்டாளியை வீட்டுத் திண்ணையில் கிடைக்காதவர்களுக்கு இது விளங்கும்.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஐயர் இத்தனை வருஷமும் சுற்றுலா வீசாவிலேயே அங்கே இருப்பதைத் தானே எழுதியிருக்கிறார். வருவதும் போவதும் அவர் கையில். ரிச்சியைப் போல் அவரும் இதை ஒரு சுதந்திரமாகவே பார்க்கிறார். கைரன்பான் மட்டை அந்த வீட்டுக்கு வந்தால் முத்திரை குத்துபவர் யார்? அவர் மனைவியாகத்தான் இருக்கும். அயலின் பாரத்தைப் பெண் சுமக்க, அயலின் வெளிச்சத்தை ஆண் எழுதுகிற அமைப்பு ஹேர்ன் காலத்திலிருந்து மாறவில்லை.

அலுமாரித் தட்டில் இருந்த ஆசான்

முஸ்லிம் வாசகர்களாகிய நமக்கு இந்த வரிசையில் இன்னொரு கிளையும் உண்டு. ஆங்கிலத்தில் எழுதாததால் பொதுவாக இந்தப் பட்டியலில் யாரும் சேர்ப்பதில்லை.

சைபீரியாவில் 1857இல் பிறந்த தாத்தாரிய அறிஞர் அப்துர் ரஷீத் இப்ராஹீம் 1909இல் ஜப்பானுக்கு வந்து சில மாதங்கள் தங்கினார். அந்தப் பயணத்தை உஸ்மானியத் துருக்கியில் 'ஆலமே இஸ்லாம்' என்ற பெருநூலில் எழுதினார். பாடசாலை, பத்திரிகை அலுவலகம், சிறைச்சாலை, வீடு என்று நுழைந்து பார்த்த எழுத்து. ஜப்பானியரின் சுத்தத்தையும் நேர்மையையும் கண்டு பரவசப்படுகிறார். பரவசம் கூடிப்போய், இவர்கள் முஸ்லிமாகாத குறைதான் என்ற இடத்துக்கு அடிக்கடி வந்துவிடுகிறார். ஒமர் யமஓக்கா என்ற ஜப்பானியர் அதே ஆண்டில் அவரோடு ஹஜ்ஜுக்குப் போனார். ஹஜ் செய்த முதல் ஜப்பானியர் என்று வரலாறு சொல்கிறது.

இதைப் பெருமையோடு மட்டும் வாசித்துவிட்டுப் போகக்கூடாது. இப்ராஹீமுக்குக் கிடைத்த நண்பர்களில் பலர் ஜப்பானியப் பேரரசின் விரிவை விரும்பிய தேசியவாதிகள். ரஷ்யாவின் கீழிருந்த முஸ்லிம்களின் விடுதலைக்கு இவர் ஜப்பானைப் பார்த்தார். ஆசியாவில் தங்கள் செல்வாக்குக்கு அவர்கள் முஸ்லிம் உலகத்தைப் பார்த்தார்கள். 1938இல் டோக்கியோ பள்ளிவாசல் திறக்கப்பட்டதன் பின்னாலும் இந்தக் கணக்கு இருந்தது. கோபேயில் 1935இல் இந்திய, தாத்தாரிய வணிகர்களின் பணத்தில் எழுந்த பள்ளிவாசலின் கதை வேறு. அது வியாபாரம் செய்து அங்கேயே குடியிருந்தவர்களின் பள்ளி. இப்ராஹீம் 1933இல் திரும்பி வந்து, டோக்கியோ பள்ளியின் இமாமாகி, 1944இல் அந்த நகரத்திலேயே வஃபாத்தானார். அவரது நட்புகளை எழுதும்போது பரஸ்பரத் தேவை என்ற சொல்லைச் சொல்லாமல் விட்டால் அது விமர்சனம் ஆகாது.

ஆனால் அதே வயோதிபர் இன்னொரு வேலையும் செய்தார். தொஷிஹிகோ இஸுட்சு என்ற இளைஞனுக்கு அரபு சொல்லிக்கொடுத்தார். பிறகு அதே இளைஞன் மூஸா ஜாருல்லாஹ் என்ற இன்னொரு தாத்தாரிய அறிஞரிடம் போய்ச் சேர்ந்தான். ஊர் ஊராய் அலைந்து டோக்கியோ வந்த மூஸாவுக்கு வாடகைக்குக் கிடைத்தது ஒரு வீட்டின் படுக்கை வைக்கிற சுவர் அலுமாரித் தட்டு. அதற்குள் இருந்துகொண்டு, கையில் புத்தகம் இல்லாமல், மனனத்திலிருந்தே அரபு இலக்கண மூலநூலைப் படிப்பித்தார். மாணவனின் புத்தக அடுக்கைப் பார்த்துவிட்டு, நத்தை வீட்டைச் சுமக்கிற மாதிரி இதையெல்லாம் சுமந்து திரியப்போகிறாயா என்று பகிடி பண்ணினார் என்று இஸுட்சு பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1957, 58இல் அரபு மூலத்திலிருந்து நேராகக் குர்ஆனை முழுமையாக ஜப்பானியத்துக்குப் பெயர்த்தவர் இந்த இஸுட்சுதான். அவர் முஸ்லிம் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று அந்த ஆசான் நிபந்தனை வைக்கவும் இல்லை.

அரசர்களோடும் தளபதிகளோடும் சேர்ந்து கட்டிய நட்பு 1945இல் பேரரசோடு முடிந்தது. அலுமாரித் தட்டில் இருந்து சொல்லிக்கொடுத்த நட்பு இன்றைக்கும் அச்சில் இருக்கிறது. நமது அழைப்புப்பணி எழுத்துகளில் முதல் வகை நட்பைப் பற்றித்தான் நிறைய வருகிறது. இரண்டாவதைப் பற்றி எழுதத்தான் ஆள் இல்லை.

அவர்கள் பாஷையில் எழுதியவர்கள்

அண்மைத் தசாப்தங்களில் பேனா இன்னொரு திசையில் திரும்பியிருக்கிறது. பிறநாட்டார் ஜப்பானிய மொழியிலேயே கதை எழுதுகிறார்கள். சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த டேவிட் ஸொப்பெட்டியின் 'இச்சிகென்-சான்' நாவல் 1996இல் பரிசு பெற்றது. முன்னறிமுகம் இல்லாமல் வருகிற வாடிக்கையாளர் என்பது தலைப்பின் பொருள். கியோட்டோவின் பழைய கடைகளில் அப்படிப்பட்டவரை உள்ளே எடுக்கமாட்டார்கள். வெளிநாட்டு மாணவன் ஒருவன் பார்வையற்ற ஒரு பெண்ணுக்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறான். அவளுக்கு அவன் முகம் தெரியாது, குரல் மட்டும்தான். பூத் சொன்ன சத்திரத்துக்காரியின் காது அடைப்புக்கு இது நேர்மறுதலை. கொஞ்சம் வசதியான ஏற்பாடுதான், குறியீடு துருத்திக்கொண்டு நிற்கிறது. ஆனாலும் கேள்வி சரியான கேள்வி.

நமக்கு இன்னும் நெருக்கமானவர் ஷிரீன் நெஸாம்மாஃபி. தெஹ்ரானில் பிறந்து, கோபேயில் படித்த பெண். 2009இல் ஜப்பானிய மொழிக் கதைக்காகப் புகழ்பெற்ற ஓர் இலக்கிய இதழின் புதுமுக விருது பெற்றார். அக்குதாகவா விருதுக்கும் அவர் பெயர் பரிந்துரையானது. அதற்கு முன் அவர் எழுதிய 'ஸலாம்' என்ற கதையில், ஈரானிய மாணவி ஒருத்தி தடுப்பு நிலையத்தில் இருக்கிற ஆப்கான் ஹஸாரா அகதிப் பெண்ணுக்கும் ஜப்பானிய வழக்கறிஞருக்கும் இடையே மொழிபெயர்ப்பாளராகிறாள். இரண்டு வெளிநாட்டுப் பெண்கள். ஒருத்திக்கு வீசா இருக்கிறது, மற்றவளுக்கு இல்லை. ஒரே பாஷை, ஒரே ஸலாம். ஆனால் கூட்டம் முடிந்ததும் ஒருத்தி தெருவுக்குப் போவாள், மற்றவள் உள்ளே போவாள். ஹேர்னிலும் ரிச்சியிலும் ஐயரிலும் இல்லாத இடம் இது. வெளிநாட்டார் என்று ஒரே கூட்டம் இல்லை என்பதை இந்த ஒரு சூழ்நிலையே சொல்லிவிடுகிறது.

அந்தத் தடுப்பு நிலையங்கள் நமக்குத் தூரமில்லை. 2021 மார்ச் மாதம் நாகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் உரிய வைத்தியம் கிடைக்காமல் 33 வயது இலங்கைப் பெண்ணொருவர் இறந்ததும், அதற்காக ஜப்பானியர்களே தெருவில் இறங்கியதும் நாம் அறிந்தவை. அப்படித் தெருவில் இறங்கியவர்களும் அவருக்கு அயலவர்தான். அவர்களைப் பற்றிய நூல் எங்கே?

நூல்கள் முடிகிற இடம்

அயலவனா என்பதற்குக் கடைசிப் பரீட்சை மரணம். ஹேர்ன் டோக்கியோவின் ஸோஷிகாயா மயானத்தில் ஜப்பானியப் பெயரோடு கிடக்கிறார். ஊரோடு முழுதாகச் சேர்ந்துவிட்டதால் அவருக்கு அங்கே இடம் பிரச்சினையாகவில்லை. சேராமலே அயலவனாக இருக்க விரும்புகிறவனுக்கு என்ன வழி?

ஜப்பானில் மரணிப்பவர்களில் 99 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தகனம் செய்யப்படுகிறார்கள். அடக்கம் செய்வதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் இடம் கிடைப்பதும் உள்ளூர் அனுமதி கிடைப்பதும் கல்லில் நார் உரிக்கிற வேலை. கியூஷு தீவின் ஓயிட்டா மாகாணத்தில் ஹிஜி என்ற ஊரில் முஸ்லிம்கள் ஒரு மையவாடிக்குப் பல வருஷமாக முயன்றார்கள். கத்தோலிக்கத் துறவிமடம் ஒன்றின் அடக்கத்தலம் அந்த ஊரில் ஏற்கெனவே உண்டு. ஆனாலும் குடிநீரும் வயல்நீரும் கெட்டுவிடும் என்று அயலவர்கள் அஞ்சினார்கள். 2024 ஓகஸ்டில் நடந்த நகரத் தலைவர் தேர்தலில் திட்டத்தை எதிர்த்தவர் வென்றார்.

நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்ற வாதத்தை நாம் எங்கே கேட்டோம் என்பதை இந்த இதழின் வாசகருக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2020 மார்ச் முடிவிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட்டில் மரணித்தவர்களின் ஜனாஸாக்கள் இந்த நாட்டில் எரிக்கப்பட்டன. பிறகு ஓட்டமாவடி மஜ்மா நகரில் மண் கிடைத்தது. ஆயிரம் வருஷமாய் இருக்கிற அயலவனையும் ஒரு சுற்றறிக்கை விருந்தாளி ஆக்கிவிடும் என்று அப்போது கண்டோம். இரண்டு நிலைமைகளும் ஒன்றல்ல. நமது நாட்டில் அது அரசின் கட்டளை. ஹிஜியில் அது தேர்தலில் விழுந்த வாக்கு, விவசாயியின் பயம். கட்டளையை எதிர்த்து வழக்குப் போடலாம், கபன் துணியை வேலியில் கட்டலாம். அயலவரின் பயத்தை எதிர்த்து அப்படிச் செய்ய முடியாது. வீட்டுக்குப் போய், தேத்தண்ணி குடித்து, கதைத்துத்தான் தீர்க்க வேண்டும். அதற்குப் பாஷை வேண்டும், காலம் வேண்டும், முன்கூட்டியே ஆன பழக்கம் வேண்டும். எதிரே மூன்று, இருபுறம் இரண்டு என்று தொடங்க வேண்டிய வேலை அது.

நட்பைப் பற்றி எழுதிய இந்தப் பெரிய எழுத்தாளர்கள் யாரும் இந்த இடத்துக்கு வரவில்லை. அவர்களுக்குத் தேவை ஏற்படவில்லை. தேவை உள்ளவர்கள் எழுதவில்லை. தமிழில் ஜப்பானைப் பற்றிய எழுத்து புதிதல்ல. டோக்கியோவில் ஒளிப்படக்கலை படித்த ஏ.கே. செட்டியாரும், பிற்பாடு தி. ஜானகிராமனும் எழுதினார்கள். இப்போது டோக்கியோவிலேயே வாழும் ரா. செந்தில்குமார் சிறுகதைகள் எழுதுகிறார். ஆனால் பழைய கார் ஏற்றுமதிக் கொட்டிலில் வேலை செய்த நமது காக்கா, முதியோர் பராமரிப்பு நிலையத்தில் ஜப்பானியக் கிழவியைக் குளிப்பாட்டுகிற நமது தங்கச்சி, பகுதிநேரமாய் இரவுக் கடையில் நின்று படித்த தம்பி ஆகியோர் எழுதிய ஒரு பக்கத்தையும் நான் இன்னும் கண்டதில்லை. ஊருக்கு வந்தால் ஃபியூஜி மலையின் படமும் புகையிரதத்தின் வேகமும்தான் கதையாகிறது. அந்தக் கிழவி இவளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்? நோன்பு என்று சொன்னபோது மேற்பார்வையாளர் என்ன சொன்னார்? இவள் லீவில் வந்த நேரம் அந்தக் கிழவி மௌத்தாகிப் போயிருந்தால் இவளுக்கு யார் அறிவித்தார்கள்?

இதை எழுத இலக்கியப் பட்டம் வேண்டாம். ஹேர்னின் மனைவி செட்சுவும் எழுத்தாளர் அல்ல. சொன்னார், ஒருவர் எழுதிக்கொண்டார். அப்படிச் சொல்லவைத்து எழுதிக்கொள்கிற வேலையை நமது இதழ்களும் ஆசிரியர்களும் எடுத்துக்கொள்ளலாம். உயர்தர மாணவருக்கு ஒப்படை கொடுக்கும்போது, வெளிநாட்டில் இருந்து வந்த உங்கள் வீட்டு ஆளிடம் அங்கே உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று ஒரு கேள்வி கேட்டு எழுதிவாருங்கள் என்று சொல்லலாம். பெயர் தெரியாது என்ற பதில் வந்தாலும் அதையும் அப்படியே எழுதட்டும். அதுவும் நாம் வாசிக்க வேண்டிய பதில்தான்.